இருபத்திரண்டு பேரும் ஒரு மைக்கும்

சுற்றுலாப் பேருந்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற அக்கா ஜெர்மன் பேசப்போகிறாள் என்று கேட்டதும் முதலாளியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பதினோரு வருஷமாக வண்டியில் அவள் செய்தது இரண்டே வேலைதான்: ஏறும்போது தலையை எண்ணுவது, உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுப்பது. ஜெர்மன் பேசும் வழிகாட்டி வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்குப் பட்டம் வாங்கிய ஒருவரை வெளியூரிலிருந்து கொண்டுவர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா போய் நின்று, எனக்குத் தெரியும் சார், ஒரு தடவை பாருங்கள் என்றாள். வரப்போவது ஜெர்மனியிலிருந்து ஒரு பாட்டுக் குழு, இருபத்திரண்டு பேர், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரே ஒரு நாள் தருகிறேன், சொதப்பினால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கே படித்தாளாம்? எங்கேயும் இல்லை. இரண்டரை வருஷம் பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து ஜெர்மன் வீடியோ பார்த்தாள், அவ்வளவுதான். முதுகில் பையோடு ஊர் ஊராக நடக்கிற ஒருவன், ரயிலில் போய்க்கொண்டே கதை பேசுகிற ஒரு பெண், பெரிய கூடத்தில் நின்று சேர்ந்து பாடுகிற கூட்டம். பைக்காரன் கேள்வி கேட்டால் இவள் வாய்விட்டுப் பதில் சொல்வாள். பாடகர்கள் மேல்குரலில் போனால் இவள் கீழ்க்குரலைப் பிடித்துக்கொள்வாள். எலக்ட்ரீஷியன் புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததும், "உன் ஆளு இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கான்?" என்றுதான் கேட்பான். கேலிதான். ஆனால் அவள் கைபேசியில் டேட்டா தீர்ந்தால், கேட்காமலேயே தன்னுடையதை எடுத்து நீட்டுவான்.

அந்த நாள் வந்தது. மைக்கைப் பிடித்து நல்வரவு சொன்னாள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. வண்டி பழைய கோட்டையை நெருங்கியபோதுதான் வாய் அடைத்துக்கொண்டது. கொடுமை என்னவென்றால், அவளிடம் இருந்த சொற்களெல்லாம் அந்த ஊருக்கானவை. பனிக்குச் சொல் உண்டு, மலை ரயிலுக்கு உண்டு, பத்து விதமான ரொட்டிக்கு உண்டு. கண்ணெதிரே நிற்கிற அகழிக்கு இல்லை, கொத்தளத்துக்கு இல்லை. முந்தின நாள் மனப்பாடம் செய்தது போன இடம் தெரியவில்லை. பேருந்தில் யாரோ இருமினார்கள். பதினோரு வருஷமும் முதலாளியின் சிரிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உண்மையாகவே பயந்துவிட்டாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அக்கா, பாலத்துமேல கொஞ்சம் நிறுத்தட்டுமா?"

நிறுத்தினார். கீழே ஆறு, கரையில் கடைகள், ஒரு கடை வாசலில் நீள வரிசை. அக்கா அதைப் பார்த்தாள். இதை அவள் பார்த்திருக்கிறாள், அந்த வீடியோக்களில். மனப்பாடத்தைத் தூக்கிப் போட்டாள்.

உங்கள் நாட்டில் ஒரு சின்ன ஊர், அங்கேயும் இப்படி ஒரு பாலம் என்று ஜெர்மனில் ஆரம்பித்தாள். பாலத்தடியில் ரொட்டிக் கடை, காலையில் வரிசை, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் மழையைத் திட்டுவார்கள். இங்கேயும் பாலம், இங்கேயும் வரிசை, இவர்கள் மட்டும் நகராட்சியைத் திட்டுவார்கள் என்றாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது. நாங்களும் நகராட்சியைத்தான் திட்டுவோம் என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

அப்புறம் அவளைப் பிடிக்க ஆளில்லை. கோட்டைக்கு அங்கிருந்து ஒரு கோட்டை, சந்தைக்கு அங்கிருந்து ஒரு சந்தை என்று எடுத்து எடுத்து வைத்தாள். சொல் தெரியாத இடத்தில் கையால் காட்டினாள். இருபத்திரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தெரிந்த பாட்டு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள். முன்சீட்டுக்காரர்கள் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது அவளுக்கு.

அலுவலக வாசலிலேயே முதலாளி நின்றிருந்தார். குழுத் தலைவி நேராக அவரிடம் போய் மளமளவென்று பேசினாள். முதலாளிக்கு ஜெர்மன் சுட்டுப்போட்டாலும் வராது, அந்த அம்மாவுக்கு ஜெர்மனை விட்டால் வேறெதுவும் வராது. இதென்ன சோதனை, தன்னைப் பற்றிய பேச்சைத் தானே பெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று அக்காவுக்கு. எப்போதும் தன் புகழைக் கேட்டால் சும்மா இருங்க என்று நழுவுகிறவள், இன்றைக்கு நழுவவில்லை. ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னாள்.

"இத்தனை ஊர் சுத்தியிருக்கோம், இவ்வளவு நல்ல வழிகாட்டி எங்கயும் கிடைக்கலைன்னு சொல்றாங்க சார்."

"நிஜமா அப்படியேவா சொல்றாங்க?"

"அப்படியேதான். வெளியூர்லேருந்து யாரையும் கூப்பிட வேண்டாம், இந்த வேலையை இவங்களுக்கே குடுத்துடுங்கன்னும் சொல்றாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த அம்மா சொல்லவில்லை. சொன்ன கையோடு அக்காவுக்கே காது சிவந்துவிட்டது. திரும்பி, தான் சேர்த்துச் சொன்னதை ஜெர்மனில் அந்த அம்மாவிடமே ஒப்புக்கொண்டாள்.

குழுத் தலைவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு முதலாளியின் கையைப் பிடித்து, "யா, யா, யா" என்று விடாமல் குலுக்கினாள். அந்த ஒரு வார்த்தை முதலாளிக்கும் புரிந்தது.