தெரியாத முகம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற வண்டியில், முன் இருக்கைப் பெண் கைப்பேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள்: "எம்புள்ள மனசு எனக்குத் தெரியாத மாதிரி நடிக்கணுமாம். அதுக்கு டிரெய்னிங் தர்றாங்க." கீழ்புத்துப்பட்டில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது, பெயர் உட்பட.

2

முதல் தொடக்கம்: வெயிலில் மின்னும் உப்பைப் போலவே அவள் கண்களிலும்

(வேண்டாம். உப்பளம் என்றதும் கண்ணீரை இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைப்பது எங்களைப் போன்றவர்களின் கெட்ட பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: திரௌபதிக்கு ஒரே பிள்ளை. நான்கு வயது. பெயர் தமிழ்வேந்தன். இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

(பெயரை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். வாயே திறக்காத பிள்ளைக்கு இந்தப் பெயரா, எழுதுகிறவன் வேண்டுமென்றே வைத்தது என்பீர்கள். ஆனால் வைத்தவன் அவன் அப்பன் ஐயப்பன். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வைத்தான். அந்தச் சந்தோஷத்தை அடித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும்.)

3

திரௌபதி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். பாத்தியில் வாரிவைத்த உப்பைக் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பிள்ளையும் கூடவே வருவான். கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சுழற்றிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யார் கண்ணையும் பார்க்க மாட்டான். எதையும் கேட்க மாட்டான்.

கேட்க வேண்டிய அவசியமும் அவனுக்கு வந்ததில்லை. இடது காதைத் தடவினால் தாகம்.* தலையில் கூடையோடு வரப்பில் வரும்போதே திரௌபதிக்குத் தெரிந்துவிடும். அவன் காதிலிருந்து கையை எடுப்பதற்குள் தண்ணீர் வாயருகே இருக்கும். அவளுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. ஊரே அவனைப் புரியாத பிள்ளை என்றபோது, புரிந்தவள் ஒருத்தி இருந்தாள் அல்லவா.

* நுனிக்காலில் நின்றால் ஒன்றுக்கு. மூடியை நெற்றியில் வைத்தால் தூக்கம். இந்த அகராதி அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஐயப்பனுக்குப் பாதி தெரியும்.

4

வியாழக்கிழமைகளில் அங்கன்வாடிக்குப் பக்கத்து அறையில் இப்படிப் பேச்சு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி. நடத்துகிறவள் சரண்யா, வானூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். இவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன், கதைக்கு வசதி. எழுதப் போனால் அவள் பிள்ளைக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவன் மூடியைச் சுழற்றினால் தானும் ஒரு மூடியைச் சுழற்றுகிறாள். இவளை எங்கே திட்டுவது?

திரௌபதி தண்ணீர் கொடுப்பதை ஒருநாள் கவனித்துவிட்டு அவள் சொன்னாள்:

"அக்கா, அவன் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க குடுத்துடறீங்க. அப்புறம் அவன் ஏன் கேக்கப் போறான்? ஜூன்ல ஸ்கூலுக்குப் போனா, காதைத் தடவுனா தண்ணின்னு அங்க யாருக்குத் தெரியும்?"

திரௌபதிக்குச் சுருக்கென்றது. சரண்யா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: பாட்டில் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. எதிரே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவள் போலக் காத்திருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்தாலோ, காட்டினாலோ, ஒரு பார்வை பார்த்தாலோகூடப் போதும். உடனே 'தண்ணி' என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அழ மட்டும் விடக்கூடாது.

"அம்மாவுக்கு நம்மளப் புரியலன்னு அவன் நெனச்சிட்டா என்னா பண்றதும்மா?" என்று கேட்டாள் திரௌபதி.

சரண்யாவின் பதிலைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் பயிற்சிக் கையேட்டிலிருந்து எடுத்ததுபோலவே இருந்தன. அடித்துவிட்டேன்.

5

இனித் தள்ளிப்போட முடியாது.

பாட்டில் கொட்டகைக் கம்பத்தில் தொங்கியது. பிள்ளை இடது காதைத் தடவினான். எதிரே உட்கார்ந்திருந்த திரௌபதியின் வலது கை தானாக எழுந்தது. அதை இழுத்துத் தொடைக்கடியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முகத்திலும் ஒன்றையும் காட்டவில்லை.

கூடக் கூடை தூக்குகிற மேரிசெல்வி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே வரக் கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள் திரௌபதி. இருந்தும் மேரிசெல்விக்குப் பொறுக்கவில்லை. "தாகம்னு தெரிஞ்சிக்கினே குந்தினு இருக்கியே. நீயெல்லாம் பெத்தவளா?"

பிள்ளை பாட்டிலைப் பார்த்தான். மறுபடியும் காதைத் தடவினான். எழுந்து அம்மாவின் அருகே வந்து நின்றான். 'தண்ணி' என்கிற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு அவன்

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடத்தான் நினைத்தேன்.)

பிறகு அவன் அவளைத் தாண்டிப் போய், மேரிசெல்வியின் விரலைப் பிடித்துக் கம்பம்வரை இழுத்துக்கொண்டு போனான்.

பிறந்ததிலிருந்து அவன் இன்னொரு மனுஷியிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. மேரிசெல்வி திகைத்துப்போய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பின்னாலிருந்து திரௌபதி "தண்ணி" என்றாள், சொல்லிக்கொடுத்தபடியே. அவன் திரும்பவில்லை.

6

வியாழக்கிழமை சரண்யா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யாரிடம் கேட்டால் என்ன, கேட்கக் கற்றுக்கொண்டானே என்றாள். அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. திரௌபதி வேண்டிக்கொண்டதும் இதைத்தான். ஆனால் அவள் பயந்ததும் இதைத்தான்: அம்மாவுக்கு இனிப் புரியாது என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டான்.

"நல்லதுதாம்மா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள்.

7

முடிவு அ: ஜூன் மாதம். அவன் டீச்சரின் விரலைப் பிடித்துக் தண்ணீர்க் குடத்துக்கு இழுக்கிறான். (நடக்கக்கூடியதுதான். வாசலில் நிற்கும் திரௌபதியின் முகத்தை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.)

முடிவு ஆ: ஒருநாள் அவன் "அம்மா" என்கிறான். (எத்தனையோ வீடுகளில் காத்துக்கிடக்கிற சொல். ஒரு கதையை முடிப்பதற்காக அதை எடுத்துச் செலவழிக்க மாட்டேன்.)

முடிவு இ: பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பழையபடியே அவள், அவன் காதிலிருந்து கையை எடுப்பதற்குள்

(அவளுக்கு அந்த உரிமை உண்டு. அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த வியாழனுக்கு மறுநாளும் அவள் பாட்டிலைக் கம்பத்தில்தான் மாட்டினாள். நான் மாட்டச் சொல்லவில்லை.)

8

அந்த மறுநாள். மேரிசெல்வி இன்று வேண்டுமென்றே தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தோழிக்கு அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

பிள்ளை மூடியைக் கீழே வைக்கிறான். இடது காதைத் தடவுகிறான். திரௌபதி கையைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியாத முகத்தோடு, எங்கிட்ட வாடா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

அவன் யாரிடம் போவான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதுதான் இத்தனை காலமும் என் வழக்கம். இன்று கொடுக்கப் போவதில்லை. உங்கள் எதிரே நானும் கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் எழுந்து நிற்கிறான்.