பியான்சோலா தெரிந்த திரை

கௌடென்சியோ மலைகளை வரைந்து பேர் வாங்கியவர். ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில் இத்தாலியின் தூரின் நகரத்துப் பிரபுக்களின் சாப்பாட்டு அறைச் சுவர்களில் அவர் தீட்டிய அருவிகள் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். நாற்பதாவது வயதில் நாடக அரங்கத்திலிருந்து ஆள் வந்தது. புது இசை நாடகத்துக்கு மேடைக் காட்சியாக ஒரு மலைக்கிராமம் வேண்டுமாம். கோடையில் நேரில் பார்த்து வரைந்து வைத்திருந்த ஒரு கிராமத்தையே மேடை அகலத்துக்குத் திரையில் தீட்டிக் கொடுத்தார்.

ஒத்திகையன்று காலை திரையை இறக்கினார்கள்.

"மலை நல்லாத்தான் இருக்கு. என் தொப்பைய மறைக்க முன்னால ஒரு பாறை போட்டிருக்கலாமே ஓய்" என்றார் நாயகனாக நடிக்கும் பாடகர்.

"உம்ம தொப்பைக்கு ஒரு பாறை எங்கய்யா போதும்?" என்றார் கௌடென்சியோ.

எல்லோரும் சிரித்தார்கள். பாடகருக்கு உடை மாட்டிவிடும் ஒர்சோலா மட்டும் சிரிக்கவில்லை. அங்கியைக் கையில் பிடித்தபடியே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, இது பியான்சோலாதானே?"

"ஆமாம்மா. போன ஆகஸ்ட்ல நாலு நாள் அங்கதான் தங்கினேன். உனக்கு அந்தப் பக்கமா?"

"நான் பொறந்த ஊரு. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி மலை சரிஞ்சு மூடிருச்சு. ஒரு கூரைகூட மிஞ்சல. நான் இங்க ஒரு பெரிய வீட்டுக் கொழந்தைக்குப் பால் கொடுக்க வந்திருந்தேன். அதனால தப்பிச்சேன்."

கௌடென்சியோ வேறு ஊராக இருக்கும் என்று சொல்லப் பார்த்தார். அவள் விடவில்லை.

"கிணத்தடி வீட்டுல யாரு இருந்தா?"

"ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசிருக்கும். அதுதான் எனக்குச் சோளக்களியும் ஆட்டுப்பாலும் கொண்டாந்து கொடுத்துச்சு. உங்கம்மா எங்கேன்னு கேட்டேன்..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க ஐயா."

"பட்டணத்துல வேற பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போயிருக்கா, முடிஞ்சதும் வந்துருவான்னு சொல்லுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

ஒர்சோலா அழவில்லை. "ஆறு மாசக் கொழந்தையா விட்டுட்டு வந்தேன்" என்றாள். "மெலிஞ்சிருந்தாளா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தா."

மே மாதம் பனி உருகியதும் இருவரும் கோவேறு கழுதைகளில் கிளம்பினார்கள். கணவாயைத் தாண்டியதும் கௌடென்சியோ கீழே பார்த்தார். பள்ளத்தாக்கு முழுக்க வீடு அளவுக்குப் பெரிய பாறைகள், இடுக்கெல்லாம் புல். ஒரு சுவர் இல்லை, கிணறு இல்லை. அவர் உட்கார்ந்து வரைந்த மேடு மட்டும் அப்படியே இருந்தது.

"அதோ, அடுப்புப் புகை வருது."

"எங்கேம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீங்கதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே. இனி என் முறை" என்றாள் அவள்.

தெரிந்த தெருவில் நடப்பவள்போலத் தடுமாறாமல் பாறைகளுக்கு நடுவே இறங்கினாள். ஒரு பாறையைச் சுற்றிப் போனவள் மறுபக்கம் வரவேயில்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். கீழூரிலிருந்து ஆட்களை அழைத்துவந்து மூன்று நாள் தேடினார். நாய்கள் அந்தப் பாறை வரைக்கும் மோப்பம் பிடித்துப் போயின. அதற்கப்பால் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

அதன்பின் கௌடென்சியோ மேடைக்குத் தூண்களும் அரண்மனைகளும்தான் வரைந்தார். பார்மா, மிலான் நகரங்கள் வரை பேர் பரவியது. தங்கள் நிலபுலத்தை வரையச் சொல்லி வந்த பிரபுக்களிடம், அப்படியோர் இடம் இருக்கிறதா என்று முதலில் வேறு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்பார். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள்.