ராய்ப்பூர் வேண்டாம் என்றவன்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருந்த முதலாளி, வடக்கே கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். ராய்ப்பூரோ நாக்பூரோ, பிடித்த ஊருக்குக் குடும்பத்தோடு போகும்படி கடையில் வேலை பார்த்த அர்த்தநாரியிடம் சொல்ல, அவன் யோசிக்காமல் நாக்பூர் என்றான்.

மனைவி கோகிலவாணிக்கு அது உறுத்தியது. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ராய்ப்பூரில் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன் அவன்.

"பழகுன ஊரை உட்டுப்போட்டு ஏனுங்க நாக்பூரு?"

"ராய்ப்பூர்ல வெயில் சாஸ்தி."

போனில் பார்த்தாள். நாக்பூரிலும் அதே வெயில்தான். அவனோடு அங்கே வேலை பார்த்த காளிதாசுக்குப் போன் செய்து கேட்டாள். "அதை அவன்கிட்டயே கேட்டுக்கம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவன் வந்ததும் நேராகவே கேட்டாள். "அங்க எவ இருக்கறா? சொல்லிப்போடுங்க."

அர்த்தநாரி தலைகுனிந்தான். "எவளும் இல்ல வாணி. நான் அங்க டிரில்லரே இல்ல, வண்டி ஆளுங்களுக்குச் சமையல்காரன். தெரிஞ்சா உங்கூட்டுல பொண்ணு தரமாட்டாங்கன்னு மாத்திச் சொல்லிப்போட்டேன். அங்க போனா எல்லாரும் குக்குன்னுதான் கூப்புடுவாங்க."

கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் அவன் ஒரு டீ கூடப் போட்டுத் தந்ததில்லை. நிம்மதியைவிடக் கோபம்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது.

"ராய்ப்பூருக்கே போலாங்க" என்றாள்.