பழைய பிரவுசரில் பெய்த பனி

அம்பாங்கானில் சோலையப்பன் நடத்திய சைபர் கஃபேயில் பிரவுசரை மாற்றியபோது ஊரே இரண்டுபட்டது என்று சொன்னால் அது பொய். அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருடத்தில் ஊரில் பாதிப் பேருக்கு பிரவுசர் என்றால் தின்பதா உடுத்துவதா என்றே தெரியாது. இணையத்துக்குள் நுழைகிற வாசல் அது என்று தெரிந்தவர்கள் எல்லாம் அந்த மாடி அறையில்தான் இருந்தார்கள். இரண்டுபட்டதும் அந்த அறைதான்.

சோலையப்பன் சிரம்பானில் மூன்று தலைமுறையாக லேவாதேவி செய்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. அப்பாவின் கடையில் உட்கார மாட்டேன் என்று கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டவர். தொழில் மாறினாலும் ரத்தம் மாறுமா? டெலிபோன் லைன் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நெஞ்சிலும் ஓடியது. ஆனால் அவர் கடையில் பக்கங்கள் சட்டென்று வரும் என்று ஒரு பெயர் இருந்தது. எப்படி என்று கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார்.

புது பிரவுசரைக் கொண்டு வந்தவன் சந்திரன். தெமியாங்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன்.

"இத யாரும் விக்கலண்ணே. உள்ள எழுதுனத அப்படியே தொறந்து வச்சிருக்காங்க. தெரிஞ்சவன் எவன் வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், சரி பண்ணலாம். கோயிலுக்கு ஆளாளுக்கு வந்து கோத்தோங் ரோயோங்ல கூலியில்லாம வேல செய்றோம்ல, அந்த மாதிரிலா."

சோலையப்பனின் காதில் விழுந்தது 'விக்கல' என்கிற சொல் மட்டும்தான். சனிக்கிழமையே எல்லா கம்ப்யூட்டரிலும் பழசை மறைத்துப் புதுசை ஏற்றச் சொல்லிவிட்டார். அவர் மனைவி தைலம்மை ஆச்சிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"ஆடி மாசத்துல யாராச்சும் புதுசு தொடங்குவாகளா? நல்லாருக்குமா இது?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஆட்கள் வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செம்பனை லோரி ஓட்டி ஓய்ந்த மாயாண்டி, இந்திய அரசியல் படிக்க வருகிறவர், முதலில் ஆரம்பித்தார்.

"மொகம் லச்சணமாத்தான் இருக்கு செட்டியாரே. ஆனா மேட்டுல ஏறுற லோரி மாதிரி மொனகுது. பழசுல நான் உக்காறதுக்குள்ள பக்கம் வந்துரும்."

"ரெண்டு தடவ தானா மூடிக்கிச்சு அங்கிள்," என்றது பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். "ஆனா நைஸ்லா. என் ஃபிரெண்டுக்கும் இத ஒரு காப்பி எடுத்துக் குடுப்பீங்களா?"

"பழகுனா சரியாப் போயிரும்," என்றார் சோலையப்பன். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசே மேல் என்று மாயாண்டி முனகினார். முனகினாலும் எழுந்து போகவில்லை.

அந்த நேரத்தில்தான் வள்ளிநாயகி படியேறி வந்தாள். நான்கு மணி. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. செனவாங் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை, வாரத்தில் இந்த ஒரு நாள்தான் லீவு. மூலைக் கம்ப்யூட்டர் அவளுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பார்ப்பது ஒரே ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு படம்.

நார்வேயில் கப்பல் கட்டுகிற ஒரு சின்ன ஊர். ஊர் நடுவில் ஆறு, ஆற்றின் மேல் பாலம். அந்த ஊர்க்காரர்கள் பாலத்தைப் பார்க்க ஒரு கேமராவை வைத்திருந்தார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தரம் அது படம் எடுத்து இணையத்தில் போடும். அந்தப் பாலத்தில் வள்ளிநாயகியின் தம்பி அர்ச்சுனன் நிற்பான்.

அக்காவும் தம்பியும் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே விடிவதற்கு முன் பெரட்டு. எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவரவருக்கு ஓர் இடம், அந்த இடத்திலேயே தினமும், அதே நேரத்தில். சின்ன வயதில் வள்ளிநாயகி கிராணியாக நிற்பாள், தம்பி வரிசையாக நிற்பான். வரிசைக்கு அவன் ஒருவன்தான். "அர்ச்சுனன்!" என்று அவள் அதட்டினால் இடது தோளை இறக்கிக்கொண்டு "இருக்கேன்க்கா" என்பான்.

வெல்டிங் வேலைக்கு அவன் நார்வே போய் இரண்டாம் வருடம், தைப்பூசத்துக்குச் சற்று முன்பு அம்மா செத்துப்போனாள். கம்பெனியில் விடவில்லை, அவன் வரவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி போட்டான். அன்று அவன் போன் செய்தபோது வள்ளிநாயகி, "பெத்தவளுக்கு மொட்ட போடாதவன் மகனே இல்ல. எனக்கும் இனிமே தம்பி இல்ல. போன் போடாத," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் போடவில்லை. கருமாதி முடிந்த கையோடு சந்திரன் மூலம் சேதி மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்காவை இந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல், நான் பாலத்தில் நிற்பேன். சந்திரனும் அவனும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். சந்திரன்தான் வள்ளிநாயகியை இங்கே கூட்டி வந்து, எந்த இடத்தில் அழுத்தினால் பாலம் வரும் என்று காட்டிக் கொடுத்தான்.

முதல் ஞாயிறு படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளை வானம், பனி மூடிய கூரைகள், பாலத்தின் கம்பி, கம்பியைப் பிடித்தபடி ஓர் ஆள். முகம் நகத்தளவு. ஆனாலும் அந்த இறங்கிய தோள் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? தலையில் கறுப்புத் தொப்பி. காதுவரை இழுத்துவிட்டிருந்தான்.

தொப்பியைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே முடி அப்படியே இருக்கிறது, மறைக்கிறான். அப்படித்தான் அவள் நினைத்தாள். ஆனாலும் அடுத்த ஞாயிறும் வந்தாள். திட்டத்தான் வருகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அழுத்தினாள், கண் இமைப்பதற்குள் அவன் நின்றான். அதே இடம், அதே தொப்பி, அதே பனி. அதன் பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே.

வேறு யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. பெரட்டில் வளர்ந்தவளுக்கு ஒருவன் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்பது ஓர் அதிசயமா? வருடம் முழுக்க வெயிலும் மழையும் மாறாத ஊர்க்காரிக்கு, அங்கே வருடம் முழுக்கப் பனி பெய்வதும் இயல்பாகத்தான் இருந்தது.

மின்விசிறி சுற்றும். மழைச் சத்தம் தகரத்தில் கேட்கும். வார அசதியில் கண் சொருகும்போது, பனி திரையைத் தாண்டி மேசைமேல் விழுவதுபோல் இருக்கும். அவள் பாலத்தில் ஏறி அவன் பக்கத்தில் போய் நிற்பாள். இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். கடைசியில் எப்போதும் ஒன்றையே கேட்பாள். 'ஒரே ஒரு தரம் அந்தத் தொப்பியக் கழட்டுடா.' அவன் கழற்ற மாட்டான். அவளும் போன் போட மாட்டாள்.

இன்று மூலைக் கம்ப்யூட்டரில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. புதுசைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்த சந்திரன் வந்து பாலத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

படம் சட்டென்று வரவில்லை. முதல் நாள் போலவே மேலிருந்து இறங்கியது. வானம் நீலமாக இருந்தது. கூரைகள் சிவப்பு. மரங்கள் பச்சைப்பசேல் என்று இருந்தன. பாலத்தின் கம்பி வந்தது, அதில் பூந்தொட்டிகள் தொங்கின. அவன் நிற்கிற இடம் வந்தது.

அங்கே வெயில் மட்டும் விழுந்து கிடந்தது.

"இது வேற ஊரு சந்திரா," என்றாள்.

"அதே ஊருதான்க்கா."

"என் தம்பி எங்க? உன் புதுசுக்கு ஆளக் காட்டத் தெரியல. பழசப் போடு."

மாயாண்டி திரும்பி, "நாந்தான் அப்பவே சொன்னேனே," என்றார். சந்திரன் மறைத்து வைத்திருந்த பழைய பிரவுசரைத் திறந்து, அதே பக்கத்தை அழுத்தினான். பனி வந்தது. தொப்பியோடு அர்ச்சுனன் நின்றான். வள்ளிநாயகி மூச்சை விட்டாள்.

"பாத்தியா! இதுல இருக்கான்."

சந்திரன் பழைய பிரவுசருக்குள் எதையோ திறந்து பார்த்தான். பிறகு சோலையப்பனைப் பார்த்தான். "அண்ணே, இதுல என்ன செஞ்சு வச்சீங்க?"

சோலையப்பன் எழுந்து வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "ஒரு தரம் வந்த பக்கத்த அது உள்ளேயே எடுத்து வச்சுக்கிடும். மறுபடி கேட்டா வெளிய போகாம அதையே காட்டும்படி வச்சேன். வீட்டுல இருக்கிற சாமான எதுக்கு மறுபடி கடையில வாங்கணும்னு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "வேணும்னா புதுசா எடுத்துக்கிற பட்டன் இருக்கு. அத யாரும் இந்தப் பிள்ளைக்குச் சொல்லலயா?"

யாரும் சொல்லவில்லை. சந்திரன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, நீங்க பாத்ததெல்லாம் மொத நாள் படம். தைப்பூச சமயத்துல எடுத்தது. எல்லா வாரமும் அதேதான்."

"கண்ணால கண்டதும் பொய்ங்கறது சரியாத்தான் இருக்கு," என்றார் மாயாண்டி. இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை.

திரையில் இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பனி, தம்பி. மற்றதில் வெயில், யாரும் இல்லை. இத்தனை மாதம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? அவன் அங்கே இருக்கிறானா, உயிரோடுதான் இருக்கிறானா? பழைய படத்தையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதில் அவன் இருக்கிறான், எங்கும் போகமாட்டான்.

"உனக்கு அவன் மெயில் போட்டானா?"

"ரொம்ப நாளாச்சுக்கா."

அவள் எழுந்தாள். "செட்டியாரண்ணே, ஒரு போன் போடணும்."

கடைக்கு இருந்தது ஒரே லைன். அதில்தான் எல்லோருடைய இணையமும் ஓடியது. சோலையப்பன் மோடத்தின் ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டினார். எல்லாத் திரையும் அப்படியே நின்றன. காலேஜ் பெண் வாயைத் திறந்து, வள்ளிநாயகியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

"வெளிநாடுண்ணே," என்றாள்.

"பேசு தங்கச்சி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு," என்றார் சோலையப்பன். அவர் வாழ்க்கையில் முதல் முறை சொன்ன வாக்கியமாக இருக்கும்.

அம்மா இருந்தபோது சுழற்றிய நம்பர், விரலுக்கு இன்னும் மறக்கவில்லை. மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. எடுத்தார்கள். "ஹலோ" என்று ஒரு கரகரத்த குரல். அவனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, களத்தில் நிற்கிற கிராணி மாதிரி அதட்டினாள்.

"அர்ச்சுனன்!"

கடல் தாண்டி மூச்சு மட்டும் கேட்டது.

"இருக்கேன்க்கா."

அவள் சுவரில் சாய்ந்தாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. "பாலத்துல ஏண்டா இல்ல?"

"நின்னேன்க்கா. மாசி, பங்குனி பூரா ஞாயித்துக்கெழம நின்னேன். ஒன்கிட்டேருந்து ஒரு வார்த்தையும் வரல. நீ பாக்கலனு நெனச்சு விட்டுட்டேன்."

"பாத்தேன்டா. தொப்பி போட்டுக்கிட்டு நின்ன."

"அது மொத வாரம். பனி கொட்டுச்சு. அடுத்த வாரத்துலேருந்து தொப்பியக் கழட்டிட்டுத்தான் நின்னேன், காது மரத்துப் போற வரைக்கும்." அவன் குரல் உடைந்தது. "அம்மாவுக்கு மொட்ட போட்டுக்கிட்டேன்க்கா. அத நீ ஒன் கண்ணால பாக்கணும்னுதான் நின்னேன். வாயால சொன்னா நம்புவியா?"

வள்ளிநாயகி திரும்பி மூலைத் திரையில் இருந்த அந்தத் தொப்பியைப் பார்த்தாள்.

"இப்ப முடி வளந்துருச்சுக்கா," என்றான்.

மூலையில் பழைய பிரவுசரில் இன்னும் பனி பெய்துகொண்டிருந்தது. தொப்பியோடு ஒருவன் நின்றான். அவள் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எவ்ளோ வளந்துருக்கு, சொல்லு," என்றாள்.