மயில்கண் வேட்டிக்கு இரண்டு முனை

தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போய்ப் பதறுகிறவர்கள் கட்டைப்பை ஆகிவிடுவார்கள். மதுரையில் இது எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்குள் சரியாகிவிடும். இருளாயியின் புருஷன் போன வருஷம் பட்டாசுக் கடை வரிசையில் கத்தப் போய்ப் பை ஆனவர். பொங்கல் முடிந்த பிறகும் ஆணியை விட்டு இறங்கவில்லை. அங்கே அவருக்கு வசதியாக இருந்தது.

ஆகவே மகளின் தலைதீபாவளிக்குத் துணி எடுக்க இருளாயி தன் நாத்தனார் பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இருளாயி சித்தாள். கல்யாணமான மறுவாரமே சிமெண்டுச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தவள். சட்டியோடு சாரப் பலகையில் ஏறும்போது கீழே எவன் என்ன திட்டினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முதலில் சட்டி விழும். பிறகு ஆள் விழும்.

நிச்சயத்தன்று சம்பந்தியம்மா தவமணி பந்தியில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "சித்தாள் வீடு. தலைதீபாவளிக்கு என்னத்தச் செஞ்சிறப் போறாக? எங்க பக்கம் மருமகனுக்கு மயில்கண் பார்டர் போட்ட பட்டு வேட்டி எடுப்பாக."

அதற்கும் இருளாயி திரும்பவில்லை. சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போனாள். ஆனால் வேட்டி இல்லாமல் போனால் மகள் சுகப்பிரியா அந்த வீட்டில் தின்னும் ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் அந்தப் பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தரையில் படவில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போனது. போலீஸ் கோபுரத்தில் ஒலிபெருக்கி பேசியது.

"நீலக் கலர் பை. ஒரு கைப்பிடி ஒடஞ்சிருக்கு. பேரு சுப்புராஜுன்னு சொல்லுது. சொந்தக்காரங்க உடனே வந்து வாங்கிக்கங்க. யாரும் வரலைன்னா கடைக்காரங்க துணி போட்டுக் குடுத்துருவாங்க."

"நாமெல்லாம் என்னைக்கு மதினி பதறியிருக்கோம்?" என்றாள் பஞ்சவர்ணம்.

ஜாக்கெட் துணிக் கடை வாசலில் ஒருத்தி அவள் காலை மிதித்தாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று பஞ்சவர்ணம் கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் மஞ்சளாகிவிட்டாள். கைப்பிடிகள் வந்தன. இருளாயி எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

"நான் பதறல மதினி," என்றது பை. "அவதான் மிதிச்சா."

"சரி."

"என்னத் தரையில வச்சிராதீக."

"வைக்கல."

பெரிய ஜவுளிக் கடையில் வேட்டிகள் ஏழாவது மாடியில் இருந்தன. இருளாயி ஒரு மாடி ஏறினால் மேலே ஒரு மாடி கூடியது. "சீசன்ல அப்படித்தான்," என்றார் வாட்ச்மேன். படிக்கட்டு நெடுகப் பைகள் கிடந்தன. எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டவர்கள் அவர்கள். இருளாயி எதுவும் கேட்கவில்லை. சாரத்தில் ஏறுகிற மாதிரி ஏறினாள். பலகையைப் பார்த்துக் கால், காலைப் பார்த்து மூச்சு. கடைசியில் கட்டடம் சலித்துப்போய் நின்றது. கட்டடங்களின் குணம் அவளுக்கு அத்துப்படி.

மயில்கண் பார்டர் வேட்டி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இருளாயி அதன் ஒரு முனையைப் பிடித்தாள். அதே நேரம் மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. காய்ந்த கை. நகத்துக்குள் செம்மண்.

"எம் மகளுக்குத் தலைதீபாவளி," என்றாள் அந்தக் கைக்காரி. பெயர் குருவம்மா.

"எம் மகளுக்கும்."

"எனக்குச் செங்கச் சூளை."

"எனக்குச் சித்தாள் வேலை."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுகிற கை எதுவும் தென்படவில்லை.

"இழுங்க மதினி!" என்றது பை.

"இழுக்கப்படாது. இழுத்தாப் பட்டு நைஞ்சுபோகும்," என்றாள் இருளாயி.

"வெட்டி ஆளுக்குப் பாதியாத் தந்துரவா?" என்று கேட்டார் சேல்ஸ்மேன்.

"துண்டு வேட்டியா? எம் மருமகனுக்கா?" என்றார்கள் இரண்டு பேரும்.

சேல்ஸ்மேன் தலையாட்டிவிட்டுக் காபி சொல்லப் போனார். திரும்பி வந்தபோது வேட்டி சற்று வளர்ந்திருந்தது. "ரெண்டு பக்கமும் நிதானமாப் பிடிச்சாப் பட்டு வளரும்," என்றார். "நூல்ல கலப்படம் இல்ல."

வேட்டி வளர வளர மாடியும் நீண்டது. குருவம்மா தூரமாகப் போனாள். முதலில் துண்டுப் பிரிவுக்கு அப்பால். பிறகு பனியன் பிரிவுக்கு அப்பால். சத்தம் போட்டுப் பேசினால் பதறினதாகிவிடும். அதனால் சேல்ஸ்மேன் நடுவில் நடந்து தகவல் சொன்னார்.

"அந்தம்மா விடுறீங்களான்னு கேக்குறாங்க."

"மாட்டேன்னு சொல்லுங்க. சாப்பிட்டாகளான்னும் கேளுங்க."

அவர் நடந்து போய்த் திரும்பி வந்தார். "அவங்களும் மாட்டாங்களாம். எலுமிச்சம்பழச் சோறு இருக்காம். உங்களுக்குக் கொஞ்சம் குடுத்துவிட்டுருக்காங்க."

இருளாயி ஒரு கையால் சாப்பிட்டாள். நல்ல சோறு. உப்பு மட்டும் கம்மி. அதைச் சொல்லி அனுப்பவில்லை.

கூட்டம் பொங்கிப் பொங்கி வந்தது. இடித்தது, முதுகில் ஏறியது, காதில் கத்தியது. கத்திய இடத்திலேயே பைகளாக உதிர்ந்தது. ஒருவர் வேட்டியைக் கம்பி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் அவர் மூச்சு ஒழுங்காயிற்று. பின்னால் வந்தவர்களும் பிடித்தார்கள். அப்படியே வரிசை ஆனது. இருளாயி அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. மழை நேரத்தில் நாலு பேர் ஒதுங்கினால் சாரம் ஒன்றும் விழுந்துவிடாது.

தீபாவளி வந்தது. ஏழாவது மாடிக்கும் வந்தது.

சுகப்பிரியாவும் அவள் புருஷன் அருள்பாண்டியும் ஊருக்குப் போய்ப் பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்து சேர்ந்தார்கள். பின்னால் தவமணியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள்.

அருள்பாண்டிக்குக் கடைக் குழாயடியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஈரத் தலையோடு வந்து நின்றான். இருளாயி தன் முனையை விடாமல், அங்கிருந்தே அவன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பார்டரில் அத்தனை மயில் கண்ணும் முழித்துப் பார்த்தன. தூரத்தில், பனியன் பிரிவுக்கு அப்பால், குருவம்மாவின் மருமகனும் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு மருமகன்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"எம்புட்டு நீளம்!" என்று சுகப்பிரியா தன் மாமியாரைப் பார்த்தாள். "எங்கம்மா பிடிச்சது அத்தை."

தவமணி பார்டரைத் தடவிப் பார்த்தாள். நூலைப் பிரித்துப் பார்த்தாள். வேட்டி போகிற திசையில் கண் எட்டுகிற வரை பார்த்தாள். சொல்வதற்கு ஒரு குறையைத் தேடினாள். வேட்டி நீண்டுகொண்டே போனதால் தேடல் முடியவில்லை. அவள் கன்னத்தில் லேசாக மஞ்சள் ஏறியது.

"பதறாதீக சம்மந்தி," என்றாள் இருளாயி. "மெதுவாப் பாருங்க."

மஞ்சள் இறங்கியது. தவமணி இருளாயியின் விரல்களைப் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா இப்பிடிப் பிடிச்சிருக்கீக? செத்த நேரம் நான் பிடிக்கட்டா?"

இருளாயி முதுகை நிமிர்த்தினாள். கழுத்து நேராக நின்றது.

"வேணாம் சம்மந்தி. உங்களுக்குக் கை வலிக்கும்."