மெக்கானிக் முன்கூட்டிப் படித்த இரண்டு சொற்கள்

பல்லுக்குத் தாய்லாந்து மொழியில் ‘ஃபன்’ என்று பெயர் என அவன் மனைவி படித்த திங்கட்கிழமை காலையில், லிஃப்ட் மெக்கானிக்கின் முன்பல் ஒன்று காணாமல் போனது. அவனுக்கு மட்டும்தான் போனது. கண்ணாடியில் பார்த்தால் ஓட்டை, நாக்கால் துழாவினால் ஓட்டை. வேலைக்குப் போன இடத்தில் நான்கு பேரிடம் வாயைத் திறந்து காட்டினான். நான்கு பேரும் பல் இருக்கிறதே என்றார்கள், ஒருவர் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தேய்க்கலாம் என்றும் சொன்னார். ஒருமுறை மேலிருந்து ஸ்பேனர் விழுந்து உடைந்த பல்லுக்குப் பதிலாக அவன் மனைவியே செய்து பொருத்திய பீங்கான் பல் அது. கொடுத்தவளே திருப்பி வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது என்று அவன் கேலி பேசினான். மறுநாள் காலை ஏழு பத்துக்கு, சற்றுமுன் அவள் தொட்டு ‘காவீ’ என்று மூன்று முறை சொல்லியிருந்த நாற்காலியில் உட்காரப் போய், தரையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு கேலி நின்றுவிட்டது.

அவள் பல் கட்டும் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். பீங்கான் பொடியில் நிறம் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருவர் எத்தனை வருடம் சிகரெட் பிடித்தார் என்பதைக்கூட அவள் செய்த பல் சொல்லிவிடும். கம்பெனி தாய்லாந்தில் புதிதாக ஒரு கூடம் திறந்தது. இரண்டு வருடம் அங்கே தலைமை தாங்கி நடத்த முடியுமா என்று அவளைக் கேட்டார்கள். நான்கு மாதத்தில் அன்றாடப் புழக்கத்துக்கான அறுநூறு சொற்களைப் படித்து வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். அத்தனை வருடத்தில் யாரும் அவளை எதற்கும் தலைமை தாங்கச் சொன்னதில்லை. அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள்.

பயம்தான் காரணம். தொலைபேசி மணிக்குப் பயம், கடிதத்துக்குப் பயம், ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று யாராவது ஆரம்பித்தால் பயம். வெளியே போகும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நான்கு படி இறங்கித் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒருநாளும் லிஃப்டில் ஏறாதவள் அவள். ஐந்தாம் மாடி வீட்டுக்கு எண்பத்தெட்டுப் படி. கல்யாணமான இருபது வருடமும் நடைதான். அவனோ நேர் எதிர். பன்னிரண்டு மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கியபடி ரொட்டி தின்பவன். பயம் என்றால் என்னவென்று கேட்டால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி விசாரித்ததுபோல் யோசிப்பான். வீட்டில் இரண்டே பேர், இருந்த பயம் முழுவதும் அவளுடையது.

கம்பெனி கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பாடமுறை போட்டிருந்தது: பொருளின் மீது கை வைத்து, மூன்று முறை சொல்லவும். அவள் அப்படியே செய்தாள். செய்யச் செய்ய வீடு அவனுக்குக் காலியானது. இருவருக்கும் பொதுவான பொருள்கள் மட்டுமே போயின. அவன் கம்பெனி நாற்காலிகளுக்கோ அடுத்த வீட்டு மேசைக்கோ எதுவும் ஆகவில்லை. சொல் தெரிந்தவருக்கே பொருள் என்று ஆகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் அவன் பார்த்ததெல்லாம், மனைவி வெறும் காற்றில் உட்கார்ந்து, வெறும் காற்றில் தட்டை வைத்து, விரல்களைக் குவித்து, கண்ணுக்குத் தெரியாத ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவதைத்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் பாதி போனது. அதற்கு அங்கே ‘நாலிக்கா’ என்று பெயர். நம் நாழிகைக்கு அது ஏதோ தூரத்துச் சொந்தம் என்பதாலோ என்னவோ, முள் தெரியாமல் போனாலும் டிக் டிக் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பப் பெற ஒரே வழிதான். அவள் அவன் கையைப் பிடித்து, பொருள் இருந்த இடத்தில் வைத்து, சொல்லைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவனும் மூன்று முறை சொன்னால் விரல்களுக்குக் கீழே நாற்காலி வந்து நிற்கும். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. சொந்த வீட்டு ஸ்பூனுக்காகப் பெண்டாட்டியிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்பதா? அதனால் அவளுக்குத் தெரியாமல் புத்தகத்தை எடுத்தான், அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தான். இனி அவள் ஒரு சொல்லைப் படிப்பதற்குள் தான் அதைப் படித்திருக்க வேண்டும். தான் முந்திப் படித்தால் பொருள் யாருக்குப் போகும் என்று அவன் யோசிக்கவே இல்லை. படித்தவர்களே பல நேரம் யோசிக்காத விஷயம் அது. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், கட்டட வாசலில் குனிந்து முதல் படியில் கை வைத்து, ‘பன்டை, பன்டை, பன்டை’ என்றான்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் கதவைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், பைக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டே பழக்கப்படி காலை முன்னால் வைத்தாள். அவன் பின்னால் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை விட்டு நிமிர்ந்தபோது, அவள் வலது கால் முழுவதும் படிக்குள் இறங்கியிருந்தது. கல்லுக்குள், தண்ணீரில் இறங்குவதுபோல. பையின் வாரைப் பிடித்து அவன் இழுத்த இழுப்பில் இருவரும் கதவோடு வந்து மோதினார்கள். அவளுக்குப் படிகள் இல்லை. ஐந்து மாடி ஆழத்துக்குத் திறந்த குழியும், அடியில் யாரோ நிறுத்திய சைக்கிளும், நடுவில் காற்றில் நடந்து மேலே வந்துகொண்டிருந்த நான்காம் மாடி வக்கீலும் மட்டுமே தெரிந்தார்கள். வக்கீல் குடையை மடக்கியபடி இருவருக்கும் வணக்கம் சொன்னார்.

அப்போதுதான் அது அவனுக்கு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, பையின் வாரைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக வந்ததால் இன்னதென்று தெரியாமல், நெஞ்சுவலி என்றே நினைத்தான். அவள்தான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “பயந்துட்டீங்க. அவ்வளவுதான். தண்ணி குடிங்க, அடங்கும்.”

அன்றே அவள் கையைப் படியில் வைத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டான். செய்த காரியத்தையும் ஒளிக்காமல் சொல்லி அழுதான். இனி ஒருவரை ஒருவர் முந்துவதில்லை, கைமேல் கை வைத்து ஒரே மூச்சில் சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். வீடு சாமான் சாமானாக இருவருக்கும் திரும்பி வந்தது, முன்பல்லும் வந்தது. ஆனால் அவளுக்குள் ஏதோ விட்டுப்போயிருந்தது. படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள். நிறம் சேர்ப்பதில் பிசகி ஒரு வாரத்தில் மூன்று பற்கள் வீணாயின. நானூற்று எண்பது சொற்கள் முடிந்திருந்தபோது கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள்: என்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொல்லி மேசையில் வைத்தாள்.

“உனக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு,” என்றான்.

“இருக்கு. அதுதானே கஷ்டம். வேணாம்னு இருந்தா பயம் எதுக்குங்க வருது?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது அவன் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைப் பிரித்தான். அது தொட முடியாதவற்றின் பாடம்: பசி, கோபம், சோம்பல். நான்காவதாக இருந்தது ‘க்லுவா’. பயம். படிக்கட்டில் நடந்ததற்குப் பிறகு அந்த வீட்டில் பயமும் பொதுச்சாமான் ஆகிவிட்டதை அவன் அறிவான். எதன்மேல் கை வைப்பது என்பதுதான் தெரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு அவள் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தான். தூக்கத்திலும் நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வாக்குத் தவறுகிறோம் என்று அவனுக்குத் தெரியும். முதல் முறை, அவளை எழுப்பிவிடாமல் மெல்லச் சொன்னான். இரண்டாவது முறை சொன்னபோது நெற்றியில் வியர்த்தது. மூன்றாவது முறையை அவன் சொல்லி முடித்ததும் நாடி நிதானமாயிற்று, அவள் புரண்டு படுத்து வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். அவன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல் கிட்டிக்க, இருவருக்குமான நடுக்கத்தையும் ஒருவனாக நடுங்கித் தீர்த்தான். தீரவில்லை.

நான்கு மணிக்கு எழுந்த அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, இது யார் எழுதியது என்பதுபோல் பார்த்து, அதன்மேலேயே தேநீர்க் கோப்பையை வைத்தாள். திங்கட்கிழமை பூட்டை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்காமல் லிஃப்டுக்குள் போய் பித்தானை அழுத்தினாள். உள்ளே இருந்தபடி, “வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?” என்றாள். அவன் வரவில்லை. லிஃப்டுக் கயிறு எத்தனை இழைகளால் ஆனது, எத்தனை அறுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தவனுக்கு அது வந்தால் என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பாடத்தைச் சேர்ந்து படித்தபோது நான்காவது சொல்லை மட்டும் அவன் தாண்டிவிட்டான். அவள் தேர்வில் அறுநூறுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாங்கினாள். விட்ட ஒன்று எது என்று கேட்டதற்கு, படம் காட்டினார்கள், படத்தில் ஒன்றுமே இல்லை என்றாள்.

அவள் போன மாதமே அவன் கயிற்றில் தொங்கும் வேலையை விட்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் ஆள் வந்து சேரும்வரை அவர்களுடன் போனில் பேசும் வேலையைக் கம்பெனி கொடுத்தது. அவனைப்போல் அதைச் செய்தவர் யாரும் இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, இருவரும் சேர்ந்து எண்ணுவோம் என்பான். வாரம் மூன்று முறை அவளிடமிருந்து அழைப்பு வரும். மணி அடித்ததும் அவன் கையை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டித்தான் எடுப்பான்.

“இங்க எல்லாரும் ‘க்லுவா க்லுவா’ன்னு ஒண்ணு சொல்றாங்க. இடி இடிச்சா சொல்றாங்க, நாய் குலைச்சா சொல்றாங்க. என்னங்க அது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அது அவ்வளவா தேவைப்படாது. விடு. ரோடு கடக்கும்போது ரெண்டு பக்கமும் பார்க்கிறியா?”

“எதுக்குங்க பார்க்கணும்?”

“நான் சொல்றேன், பாரு.”

அவன் சொன்னான் என்பதற்காகப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாயா, ஜன்னலைச் சாத்தினாயா, தெரியாதவர் கதவைத் தட்டினால் திறக்காதே என்று இரண்டு வருடம் அவளுக்கு வேண்டிய பயத்தை அவன் தொலைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயால் அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் அவற்றை மருந்துச் சீட்டு மாதிரி சுவரில் எழுதி ஒட்டி வைத்து, ஏன் என்று தெரியாமலே ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். அங்கே அவள் கூடத்தில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் அவளைத் துணிச்சல்காரி என்றார்கள். அந்தச் சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்த அன்று பெட்டிகளோடு அவள் லிஃப்டில் ஏறினாள், அவன் எண்பத்தெட்டுப் படியில் ஏறினான். மேலே வந்து சேர்ந்தபோது அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் கையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தாள்.

“என்னங்க இது, இப்படி அடிச்சுக்குது?”

கை வைத்தாயிற்று. பாடமுறையில் பாதி முடிந்துவிட்டது. அவள் காதில் அவன் ஒரு சொல்லைச் சொல்லி, அவளும் மூன்று முறை சொன்னால், பாதிச் சுமை அன்றைக்கே இறங்கியிருக்கும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருந்தது.

“அஞ்சு மாடி ஏறி வந்தேன்ல,” என்றான்.

அவள் சிரித்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து போய் மறுபடி இழுத்துப் பார்த்தான்.