வேலித் தூதுவளை

தூதுவளை முள் நகக்கண்ணில் ஏறியதும் கோவிந்தம்மாள் கையை உதறினாள். ஏரிக்கரையில் வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பிடி இலைகூடத் தேறவில்லை. ஆடு மேய்ந்துவிட்டுப் போன கொடியில் மனுஷருக்கு என்ன மிச்சம் இருக்கும்! ஆனாலும் அவள் விடுவதாயில்லை. மிளகு தட்டிப்போட்டு ஒரு டம்ளர் ரசம் வைக்கவாவது இலை வேண்டும். அவள் புருஷன் வெங்கடாசலம் கேட்டது அது ஒன்றைத்தான்.

கல் உடைக்கிற கிரஷரில் காலமெல்லாம் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியை வாங்கிக்கொண்ட மனிதர். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரான கூட்டேரிப்பட்டில் காரை விட்டு இறக்கியதிலிருந்து கஞ்சிகூட உள்ளே போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டார்.

“தூதுவளை ரசம் வெய்யி. தொண்டைய அடைச்சிக்கினு கெடக்குது.”

“காலையில ஏரிக்கரைக்குப் போயி பறிச்சிக்கினு வர்றேன்.”

“அம்மாந்தூரம் எதுக்கு? தம்பி வேலியிலதான் மண்டிக் கெடக்குதே.”

“அவன் வேலியில நான் கை வெக்க மாட்டேன். நீ சும்மா படு.”

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொழுந்தன் தென்னரசு, பாகம் பிரித்த கையோடு பொதுவழியை அடைத்து முள்வேலி போட்டவன். அன்றைக்கு வாய்ச்சண்டை முற்றி இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பேச்சில்லாத வீட்டில் நெருப்பு வாங்கக் கூடாது, ஒரு பச்சிலை கிள்ளக் கூடாது. அந்த ரோஷத்தில் கோவிந்தம்மாளை அடித்துக்கொள்ள ஊரில் ஆளில்லை. வேலியில் தானாக முளைத்த தூதுவளையோ கொழுத்துப் படர்ந்து, ஊதாப் பூவோடு அவள் வாசலையே எட்டிப் பார்த்தது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள்.

ஒருவழியாக இலையைத் தேற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே மகள் அருணாவின் அழுகுரல் கேட்டது. யாரையும் என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எங்க போய்ட்டம்மா? உங்கம்மா எங்க, உங்கம்மா எங்கன்னு கேட்டுக்கினே இருந்தாரும்மா. வாசலையே பாத்துக்கினு...”

கோவிந்தம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த இலைகள் தரையில் சிதறின. பாதத்தைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினோமே என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து அழுகை பீறிட்டது.

வெயில் சாயும்போது பாடை தயாரானது. வேலி போக வீட்டை ஒட்டி மிஞ்சிய சந்தில் அதைத் திருப்ப முடியாது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். சாய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். அதுவரை வாசல் ஓரமாக நின்றிருந்த தென்னரசு தன் வீட்டுக்குப் போனான். கொடுவாளோடு வந்து வேலியை வெட்ட ஆரம்பித்தான். கட்டுக்கயிறு அறுந்து முள் சரிந்தது. அதோடு தூதுவளைக் கொடியும் மொத்தமாகத் தரையில் விழுந்தது.

வெட்டி முடித்து கோவிந்தம்மாள் எதிரில் வந்து நின்றான்.

“அண்ணி.”

பாகப் பிரிவினைக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் கேட்பது இப்போதுதான்.

“அண்ணன் ரசம் கேட்டது எங்க வூட்டுக்குக் கேட்டுச்சி. நீங்க பறிக்க வருவீங்கன்னு வேலியாண்டயே நின்னுக்கினு இருந்தேன் அண்ணி.” அவன் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனான்.

மேளம் முன்னால் போயிற்று. பாடை வேலியைக் கடந்தது. பின்னால் போன ஆண்கள் எல்லோரும் கொடியை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். பச்சிலை நசுங்கிய வாசனை எழுந்தது. வேலி வெட்டிய இடத்தோடு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

மேளச் சத்தம் தேய்ந்ததும் அருணா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

“வாம்மா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாம்.”

“இரு.”

கோவிந்தம்மாள் குனிந்தாள். மிதிபடாமல் கிடந்த ஒரு கொடியை இழுத்து, இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டாள். முள் குத்தியது. இந்தமுறை கையை உதறவில்லை.